ஜோசப் ஜெஃபர்சனின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: 19ஆம் நூற்றாண்டு மேடை நகைச்சுவை நடிகர்களைப் பற்றி எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

1859ஆம் ஆண்டுக் கோடையில், பென்சில்வேனியாவின் போகோனோ மலையடிவாரத்தில் இருக்கும் பாரடைஸ் பள்ளத்தாக்கில், பழைய பண்ணை வீடொன்றில் குடும்பத்தோடு தங்கியிருந்த முப்பது வயது நடிகர் ஒருவர், மழை விடாது பெய்த ஒரு நாளில் களஞ்சியத்துப் பரணில் ஏறி, வைக்கோலின் மேல் படுத்தபடி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் வாழ்க்கையையும் கடிதங்களையும் தொகுத்துத் தந்த நூல் அது. நியூயார்க் அரங்கு ஒன்றில் அந்த நடிகரைப் பார்த்ததாகவும், அவர் தம் தந்தையை அப்படியே நினைவூட்டியதாகவும் இர்விங் குறித்திருந்த வரி அவர் கண்ணில் பட்டது. பெருமிதத்தில் திளைத்தவருக்கு, மலையில் உறங்கி இருபது ஆண்டு கழித்து விழிக்கும் ஒருவனைப் பற்றி இர்விங் எழுதிய ‘ரிப் வான் விங்கிள்’ கதை நினைவுக்கு வந்தது. பிற்காலத்தில் நாடு முழுவதும் அவரை அடையாளம் கண்டுகொண்ட பாத்திரம் அந்தப் பரணில்தான் கருக்கொண்டது. ஜோசப் ஜெஃபர்சன் 1890இல் நூலாக வெளியிட்ட தம் தன்வரலாற்றில் இவ்வாறுதான் சொல்கிறார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் படித்ததாகக் கூறும் அந்த நூலை இர்விங்கின் உறவினரான பியர் இர்விங் 1862க்கும் 1864க்கும் இடையில்தான் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். 1859ஆம் ஆண்டுக் கோடையில் வாஷிங்டன் இர்விங் உயிரோடு இருந்தார். அவர் மறைந்தது அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள். இன்னும் அச்சேறாத நூலை எந்தப் பரணிலும் எவரும் படித்திருக்க முடியாது.

பழைய மேடை நகைச்சுவை நடிகர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முனைவோருக்கு இதைக் காட்டிலும் நல்ல முதற்பாடம் எனக்குத் தெரியவில்லை. நகைச்சுவை நடிகர் தொழிலாலேயே கதைசொல்லி. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார் என்று அறிந்தவர். தம் வாழ்க்கையைச் சொல்லும்போதும் அந்தத் திறமையை அவர் கழற்றி வைத்துவிடுவதில்லை. அதற்காக அவரைப் பொய்யர் என்று எழுதிவிடுவதும், அவர் சொன்னதை அப்படியே பெயர்த்து எழுதுவதும் ஒரே அளவு தவறானவை. பரண் கதையை அவர் சொன்னபடி முழுமையாக எழுதுங்கள். அடுத்த பத்தியில் நூல் வெளிவந்த ஆண்டுகளைக் குறிப்பிடுங்கள். பிறகு எது எஞ்சுகிறது என்று பாருங்கள். 1859இல் அவர் வாஷிங்டன் நகரில் ரிப் வேடத்தை முதன்முறையாகத் தலைமைப் பாத்திரமாக ஏற்றார் என்பது எஞ்சுகிறது. இர்விங் தம்மைப் பாராட்டிய செய்தியை அவர் ஏதோ ஒரு நாளில் படித்து மகிழ்ந்தார் என்பதும் எஞ்சுகிறது. இரண்டு வெவ்வேறு காலத்து மகிழ்ச்சிகளை முப்பது ஆண்டு கழித்து நினைவு ஒன்றாகத் தைத்துவிட்டது என்பது என் கணிப்பு. கணிப்பைக் கணிப்பு என்றே சொல்லி எழுதினால் வாசகர் மனம் கோணமாட்டார்.

ஆகவே, எழுதத் தொடங்கும் முன் ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரிசை. முதல் கட்டத்தில் அவர் தம் வாயால் சொன்னது. இரண்டாவதில் அன்றைய தாள், அதாவது நாடக விளம்பரத் துண்டு, செய்தித்தாள் அறிவிப்பு, விமர்சனம், ஒப்பந்தம். மூன்றாவதில் பிறர் பின்னாளில் சொன்னது. இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் நிகழ்ச்சிகளை ‘அவர் கூற்றுப்படி’ என்ற சொற்களோடு மட்டுமே கட்டுரைக்குள் விடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தவறுகளைத் தடுத்துவிடும்.

அட்டவணைக்கும் முன்னால் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். நம் ஜெஃபர்சன் 1829 பிப்ரவரி 20இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அவருடைய தந்தை பெயரும் ஜோசப் ஜெஃபர்சன். நடிகராகவும் அரங்கக் காட்சித் திரை ஓவியராகவும் இருந்து 1842இல் மறைந்தவர். பாட்டனார் பெயரும் ஜோசப் ஜெஃபர்சன்தான். இங்கிலாந்திலிருந்து 1795இல் அமெரிக்கா வந்து, பிலடெல்பியாவில் பெரும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகராக விளங்கி 1832இல் மறைந்தவர். கொள்ளுப்பாட்டனாரோ தாமஸ் ஜெஃபர்சன். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பெயரையே கொண்ட ஆங்கிலேய நடிகர். பெயர் வரிசையில் மூன்றாமவர், நடிப்புப் பரம்பரையில் நான்காம் தலைமுறை என்பதால் நூலகப் பட்டியல்களில் இவர் எண் மாறி மாறி வரும். பிறப்பு, இறப்பு ஆண்டுகளை மட்டும் நம்புங்கள். 1830க்கு முந்தைய விளம்பரத்தில் ‘திரு. ஜெஃபர்சன்’ என்று கண்டால் அது நம் ஜெஃபர்சனாக இருக்காது; பெரும்பாலும் பாட்டனாராகவோ தந்தையாகவோ இருக்கும். தாயின் முதல் மணத்தில் பிறந்த அண்ணன் சார்ல்ஸ் பர்க்கையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவரும் நகைச்சுவை நடிகர், அவரும் ரிப் வேடம் போட்டவர், 1854இல் இளமையிலேயே மறைந்தவர். தம்பியின் ரிப்பை விளக்க அண்ணனின் ரிப் தேவைப்படும்.

அன்றைய தாளைத் தேடுவது இன்று முன்போலக் கடினமில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களை மின்படிகளாக இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஜெஃபர்சன் 1861 முதல் 1865 வரை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடித்தார் என்பதால், ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளமும் நியூசிலாந்து தேசிய நூலகத்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ தளமும் அமெரிக்கத் தளங்களுக்கு இணையான பயன் தரும். தேடும்போது நடிகரின் பெயரை மட்டும் இட்டால் ஆயிரக்கணக்கில் விடை வந்து குவியும். பாத்திரப் பெயரையும் அரங்கின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய அச்சு மங்கியிருப்பதால் கணினி எழுத்துகளைத் தவறாகப் படித்திருக்கும்; பெயரின் சிதைந்த வடிவங்களையும் முயன்று பாருங்கள். ஓர் எச்சரிக்கை: விளம்பரம் என்பது நாடகம் நடக்கப்போவதாகச் சொன்ன வாக்குறுதி மட்டுமே. நடிகர் நோயுற்றோ, அரங்கம் காலியாகவோ, இரவோடு இரவாக நாடகம் மாறியிருக்கலாம். மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் விமர்சனத்தைக் காணும்வரை ‘நடித்தார்’ என்று எழுத வேண்டாம். விமர்சனம்போலத் தோன்றும் பல பத்திகள் அரங்க மேலாளரே எழுதிக் கொடுத்த புகழுரைகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இளமைக் காலத்தை எழுதும்போது அன்றைய நாடகத் தொழிலின் அமைப்பை வாசகருக்கு விளக்கினால்தான் மற்றவை புரியும். ஓர் ஊரில் நிலையாகத் தங்கி, அல்லது ஊர் ஊராகச் சுற்றி, இரவுக்கு ஒரு நாடகமாக மாற்றி மாற்றிப் போட்ட குழுக்களை ஸ்டாக் கம்பெனி என்றார்கள். அவற்றில் நடிகரை ஒரு பாத்திரத்துக்காக அல்ல, ஒரு ‘வகை’க்காக வேலைக்கு எடுப்பார்கள்: கதாநாயகன், கிழவர், சிரிப்பு வேலைக்காரன் என்று. ஜெஃபர்சன் அமர்ந்தது ‘லோ காமெடியன்’ என்ற இடம். வேலைக்காரர், குடியானவர், கோமாளி போன்ற எளிய மனிதர்களை வைத்துச் சிரிக்கவைக்கும் நடிகர் என்று அதற்குப் பொருள். தரத்தில் தாழ்ந்தவர் என்ற பொருள் அதில் இல்லை. இதை விளக்காமல் விட்டால் வாசகர் அதை இழிசொல்லாக எடுத்துக்கொள்வார்.

அவர் மேடையேறிய முதல் நினைவுகளுள் ஒன்று நமக்கு உவப்பானதன்று. ஏறத்தாழ நான்கு வயதில், தாமஸ் ரைஸ் என்ற நடிகர் அவரைச் சாக்குப் பையில் சுமந்து வந்து மேடையில் கொட்ட, குழந்தை முகத்தில் கரி பூசிக்கொண்டு ‘ஜிம் குரோ’ ஆட்டத்தை ஆடியது. கறுப்பின மக்களை இழிவாகக் காட்டிய அந்த ஆட்டத்தின் பெயரே பின்னாளில் அமெரிக்காவின் இனப் பிரிவினைச் சட்டங்களுக்கு வழங்கியது. ‘குறும்புக் குழந்தை’ என்ற தொனியில் இதைக் கடந்துபோகாதீர்கள். குழந்தையைக் குற்றவாளியாக்கவும் தேவையில்லை. அன்றைய அமெரிக்கச் சிரிப்பு எதன்மேல் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு அந்தச் சாக்குப் பை ஒரு சான்று. இருப்பதை இருந்தபடி எழுதினால் போதும்.

1839இல் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தந்தையின் குழு ஓர் அரங்கம் எழுப்பியபோது, சமய எழுச்சியின் வேகத்தில் நகர மன்றம் நாடகங்களுக்குப் பெரும் உரிமக் கட்டணம் விதித்ததாகவும், இளம் வழக்கறிஞர் ஒருவர் தாமாக முன்வந்து வாதாடிக் கட்டணத்தை நீக்கியதாகவும், அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன் என்றும் தன்வரலாறு கூறுகிறது. அட்டவணையில் இது முதல் கட்டத்துச் செய்தி. அழகான செய்தி என்பதாலேயே கூடுதல் கவனத்தோடு, ‘அவர் கூற்றுப்படி’ எழுத வேண்டியது. 1842இல் அலபாமாவின் மொபீல் நகரில் தந்தை மஞ்சள் காய்ச்சலில் இறந்தார்; பதின்மூன்று வயதுச் சிறுவன் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் நாடகக் குழுக்களில் அலைந்தான்; 1846இல் மெக்சிகோவோடு போரிட்ட அமெரிக்கப் படையின் பின்னாலேயே மெக்சிகோவின் மாட்டமோரோஸ் வரை சென்று நடித்தான். இந்தப் பத்தாண்டுகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஊர்ப் பெயர்களின் நீண்ட பட்டியல் எந்த வாசகரையும் பிடித்து நிறுத்தாது.

பிடித்து நிறுத்த வேண்டிய ஆண்டு 1857. அவ்வாண்டு லாரா கீன் என்ற நடிகை தாமே நடத்திய நியூயார்க் அரங்கில் ஜெஃபர்சன் சேர்ந்தார். 1858 அக்டோபரில் அங்கே அரங்கேறிய ‘அவர் அமெரிக்கன் கசின்’ (‘நம் அமெரிக்க உறவினர்’) நாடகத்தில், ஆங்கிலப் பிரபுக் குடும்பத்துக்குள் நுழையும் வெள்ளந்தியான அமெரிக்கர் ஆசா டிரெஞ்சர்டாக நடித்துப் பெயர் பெற்றார். அதே நாடகத்தில் எட்வர்ட் சதர்ன் தமக்குக் கிடைத்த சிறு பாத்திரத்தைச் சொந்தச் சரக்கால் வளர்த்து, நாடகத்தையே தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 1865 ஏப்ரல் 14இல் லிங்கன் சுடப்பட்டபோது ஃபோர்டு அரங்கில் நடந்துகொண்டிருந்ததும் இந்த நாடகமே. அதனால் ஜெஃபர்சன் அன்று மேடையில் இருந்ததாக எழுதிவிடும் தவறு எளிதில் நேரும். அன்று ஆசா டிரெஞ்சர்டாக நின்றவர் ஹாரி ஹாக். ஜெஃபர்சன் அமெரிக்காவிலேயே இல்லை. இத்தகைய இடங்களில் தேதியை இரண்டு முறை சரிபாருங்கள்.

1859 டிசம்பரில், அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் தூக்கிலிடப்பட்ட சில நாட்களுக்குள், டயன் பூசிகோ எழுதிய ‘தி ஆக்டரூன்’ நாடகம் நியூயார்க்கில் ஏறியது. லூசியானாவின் அடிமைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட அதில் சேலம் ஸ்கடர் பாத்திரம் ஜெஃபர்சனுடையது. நகைச்சுவை நடிகரின் வாழ்க்கையை நாட்டின் வரலாற்றோடு இணைக்க இதுபோன்ற இடங்களைப் பயன்படுத்துங்கள். உள்நாட்டுப் போர் பற்றித் தனி அத்தியாயம் எழுதிச் சேர்ப்பதைவிட இது இயல்பாக அமையும். 1861இல் முதல் மனைவி மார்கரெட் இறந்தார். அவ்வாண்டே ஜெஃபர்சன் கலிபோர்னியா வழியாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். உள்நாட்டுப் போர்க் காலத்தின் பெரும்பகுதியில் அவர் கடல் கடந்தே இருந்தார். துயரும் உடல்நலிவும் ஒருபுறம் இருக்க, போரிலிருந்து விலகி நின்றார் என்ற கேள்வியையும் வாசகர் முன் வையுங்கள். விடையை வலிந்து சொல்ல வேண்டியதில்லை.

இனி வருவதே கட்டுரையின் உயிர். எழுதுபவர் தம் பக்கங்களில் பாதியை இங்கே செலவிட்டாலும் தவறில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் வந்த ஜெஃபர்சன், தம் ரிப் நாடகத்தில் ஏதோ குறைவதை உணர்ந்து, திருத்தித் தருமாறு பூசிகோவைக் கேட்டார். தொடக்கத்தில் ரிப்பை முதியவனாக அல்லாமல், கவலையற்ற, ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பிடித்த இளைஞனாகக் காட்ட வேண்டும் என்பது பூசிகோவின் முக்கிய யோசனை. இருபது ஆண்டுத் தூக்கத்துக்குப் பின் நரைத்த தாடியோடு அவன் எழும்போது இழந்தது என்ன என்பதை அரங்கம் உணர்வதற்கு அந்த இளமை தேவைப்பட்டது. 1865 செப்டம்பர் 4இல் அடெல்ஃபி அரங்கில் ஏறிய நாடகம் 170 இரவுகள் ஓடியது. மறு ஆண்டு நியூயார்க்கில் தொடங்கி, அமெரிக்க ஊர்களெங்கும் ஒரு தலைமுறைக்கு மேல் அவர் ரிப்பாக வலம்வந்தார்.

இந்த வேடத்தை எழுத்தில் எப்படிக் காட்டுவது? ‘அற்புதமாக நடித்தார்’, ‘அரங்கம் அதிர்ந்தது’ போன்ற தொடர்களை அடியோடு விலக்குங்கள். பழைய விமர்சனங்களைப் படிக்கும்போது பெயரடைகளைத் தாண்டி வினைச்சொற்களைப் பொறுக்குங்கள்: கை எங்கே போனது, எந்தச் சொல்லுக்கு முன் நின்றார், யாரைப் பார்த்துப் பேசினார். அவர் நடித்த நாடகப் பிரதி 1895இல் அச்சாகியிருக்கிறது. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு காட்சி காட்சியாகப் போங்கள். மலையில் கடலோடி ஹென்றி ஹட்சனின் மாலுமி ஆவிகளை ரிப் சந்திக்கும் காட்சி முழுவதிலும் ரிப் மட்டுமே பேசுகிறான். ஆவிகள் தலையசைப்பதோடு சரி. ஒரே குரலால் ஒரு காட்சி முழுவதையும் தாங்கிய இந்த ஓர் அமைப்பைச் சொன்னாலே அவருடைய திறமையின் அளவு வாசகருக்குப் புரிந்துவிடும். ரிப்பின் நாய் ஷ்னைடரைப் பற்றி நாடகம் நெடுகப் பேச்சு வரும். நாய் ஒருபோதும் மேடைக்கு வராது. உண்மையான நாய் தவறான நேரத்தில் வாலாட்டிக் காட்சியைக் கெடுத்துவிடும் என்பது ஜெஃபர்சனின் வாதம். நாயைப் பற்றி அவர் பேசப்பேச, அரங்கிலிருந்த ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு ஷ்னைடர் ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்யும் ரிப், கிண்ணம் கையில் வந்ததும் ‘இதை நான் கணக்கில் சேர்க்கமாட்டேன்’ என்று சொல்லிக் குடிப்பான். உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தம் பெருநூலில் பழக்கத்தைப் பற்றிய அத்தியாயத்தில், ஜெஃபர்சனின் பெயரைச் சொல்லியே இந்த வரியை எடுத்தாள்கிறார்: அவன் கணக்கில் சேர்க்காவிட்டாலும் அவனுடைய நரம்பணுக்கள் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கின்றன என்பது அவர் கருத்து. ஒரு நகைச்சுவை வரி எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்று காட்ட இத்தகைய சான்றைத் தேடுங்கள். பத்துப் பாராட்டு விமர்சனங்களைவிட இது வலியது.

ரிப் பேசுவது டச்சு வாடை அடிக்கும் ஆங்கிலம். அதைத் தமிழில் தரும்போது நம் வட்டார வழக்கு ஒன்றைப் பூட்டிவிடும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ரிப் ஹட்சன் ஆற்றங்கரைக்காரன். கொங்குத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ பேசினால் அவன் வேறு ஆளாகிவிடுவான். எளிய, தளர்வான தமிழில் வசனத்தைச் சொல்லி, உச்சரிப்பைப் பற்றி ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டால் போதும். கிண்ணத்தை உயர்த்தி அவன் சொல்லும் வாழ்த்தை, ‘உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் நல்ல உடல்நலம், நீங்கள் நீடு வாழ்ந்து செழிக்க வேண்டும்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

நல்வாய்ப்பாக, நாம் கண்ணாலும் கொஞ்சம் பார்க்க முடிகிறது. 1896இல் வில்லியம் டிக்சன், அமெரிக்கன் மியூட்டோஸ்கோப் நிறுவனத்துக்காக, மாசசூசெட்சின் பஸ்ஸர்ட்ஸ் பே கரையில் இருந்த ஜெஃபர்சனின் இல்லத்தருகே, ரிப் நாடகத்தின் எட்டுத் துணுக்குகளைத் திறந்தவெளியில் படம்பிடித்தார். 1903இல் அவை ஒரே படமாக இணைக்கப்பட்டன. 1995இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றன. காட்டில் பிடித்த ஊமைப் படத்தில் இருப்பது 67 வயதுக்காரர். சிரிக்க அரங்கம் இல்லை, குரலும் இல்லை. 1866இன் நியூயார்க் மேடையை இதைக் கொண்டு அளக்கக் கூடாது. நடை, குனிவு, கிண்ணம் பிடிக்கும் கை ஆகியவற்றுக்கு மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ராஜர்ஸ் அவரை மாதிரியாகக் கொண்டு 1870களின் தொடக்கத்தில் வடித்த ரிப் சிற்பத் தொகுதிகள், படத்தைவிடக் கால் நூற்றாண்டு இளமையான உடலைக் காட்டுகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

குறைகளை எழுதத் தயங்க வேண்டாம். ஒரே வேடத்தில் காலம் தள்ளினார் என்ற குற்றச்சாட்டு அவர் வாழ்நாளிலேயே இருந்தது. ஆங்கில நடிகர் சார்ல்ஸ் மாத்யூஸ், ஒரு பாத்திரத்தையும் ஒரு துணிப்பையையும் வைத்துக்கொண்டு பொருள் சேர்க்கிறீரே என்று கேட்டபோது, பல பாத்திரங்களை ஒரே விதமாக நடிப்பதைவிட ஒரே பாத்திரத்தைப் பல விதமாக நடிப்பது மேல் என்று விடையளித்ததாகத் தன்வரலாறு கூறுகிறது. விடை சாமர்த்தியமானது, ஆனால் அதை எழுதி வைத்தவர் விடை சொன்னவரே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1880இல் நாடகாசிரியர் ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தை எடுத்து, கோழையான பாப் ஏக்கர்ஸ் வேடத்தைத் தமக்கேற்ப விரித்துக்கொண்டார். உடன் நடித்தவர் லூயிசா டுரூ அம்மையார். மூலப் பிரதியை வெட்டித் திருத்தியதற்குக் கண்டனமும் எழுந்தது. ஒரு வேடக்காரர் என்ற பட்டத்துக்கு இந்த நாடகமே நல்ல மறுப்பு என்பது என் எண்ணம்.

மேடைக்கு வெளியிலான வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சியை விரிவாக எழுதுங்கள். 1870 டிசம்பரில் ஜார்ஜ் ஹாலண்ட் என்ற முதிய நகைச்சுவை நடிகர் இறந்தபோது, அவருடைய மகனோடு ஜெஃபர்சன் நியூயார்க் தேவாலயம் ஒன்றுக்குச் சென்று இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்யக் கேட்டார். இறந்தவர் நடிகர் என்று அறிந்ததும் பாதிரியார் மறுத்து, மூலையில் ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது, அங்கே செய்வார்கள் என்றார். அப்படியானால் மூலையிலுள்ள அந்தச் சிறு தேவாலயத்தைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று ஜெஃபர்சன் சொன்னார். 29ஆம் தெருவில் இன்றும் நிற்கும் உருமாற்ற ஆலயத்துக்கு ‘மூலையிலுள்ள சிறு தேவாலயம்’ என்ற பெயர் அன்று முதல் நிலைத்தது. நடிகர்கள் அதைத் தங்கள் ஆலயமாகவே கொண்டார்கள். நாடெங்கும் சிரிக்க வைத்தவர்களுக்குத் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு மறுக்கப்பட்ட காலம் அது என்பதை வாசகர் இந்த ஒரு பத்தியில் உணர்ந்துகொள்வார்.

மற்றவற்றை ஓரிரு வாக்கியங்களில் சொல்லிக் கடக்கலாம்: 1867இல் சாரா வாரனை மணந்தது, லூசியானாவில் ஆரஞ்சு தீவு எனப்பட்ட நிலத்தை வாங்கி மாளிகை கட்டியது, இயற்கைக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டியது, குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்தோடு மீன் பிடித்தது, நடிகர் எட்வின் பூத்துக்குப் பின் 1893இல் நியூயார்க்கின் பிளேயர்ஸ் என்ற நடிகர் கழகத்துக்குத் தலைவரானது. சிகாகோவில் 1968 முதல் நாடகங்களுக்கு வழங்கப்படும் ஜெஃப் விருதுகள் இவர் பெயரால் அமைந்தவை என்பதையும் இங்கேயே சேர்த்துவிடலாம்.

முடிவை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ஜெஃபர்சன் 1905 ஏப்ரல் 23இல் புளோரிடாவின் பாம் பீச்சில் இறந்தார். மாசசூசெட்சின் சாண்ட்விச்சில் அடக்கம் செய்யப்பட்டார். இதைக் கடைசிப் பத்திக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடைசிப் பத்தியை, 1904 மே 7ஆம் நாள் நியூஜெர்சியின் பாட்டர்சன் நகரில் அவர் கடைசியாக மேடையேறிய இரவுக்கு ஒதுக்குங்கள். அன்று அவர் போட்டது ரிப் வேடமன்று. டிக்கன்ஸ் கதையிலிருந்து பிறந்த கேலப் பிளம்மர். கண் தெரியாத மகளுக்கு வறுமை தெரியாதபடி இல்லாத வசதிகளையெல்லாம் இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே வளர்த்த ஏழைப் பொம்மைத் தொழிலாளி.